தட்டுல யார் பேரு?

1699-ல கியோட்டோவுக்கு வடமேற்கே, நருதாகிங்கற இடத்துல ஒருத்தர் சூளை போட்டார். பரம்பரைக் குயவர் இல்ல. கரிகனேயான்னு பெரிய கிமோனோ கடை, அந்த வீட்டுப் பையன். தோஃபுகுமொன்-இன்னு பேரரசியா இருந்த அம்மாவே அந்தக் கடைக்கு வாடிக்கை. 1678-ல அவங்க போனதும் வியாபாரம் படுத்துடுச்சு. 1687-ல அப்பாவும் காலமாயிட்டார். அண்ணன் கோரின் தன் பங்கை ஜாலியா செலவழிச்சு முடிச்சார். (எல்லா வீட்டுலயும் ஒருத்தர் உண்டுங்க!) தம்பி புத்தகம், ஜென்னு ஒதுங்கி, கடைசில மண்ணுக்கு வந்தார். சூளை வடமேற்கு மூலையில இருந்ததால 'கென்சான்'னு பேர் வெச்சுக்கிட்டார்.

கோரினோ பெரிய ஓவியர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து செஞ்ச சதுரத் தட்டுகள் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சதுரம்கறதால சக்கரத்துல சுத்த முடியாது. மண்ணைப் பலகையா தட்டி, ஓரத்தை நிமிர்த்தி ஒட்டணும். மேல வெள்ளைக் களிமண் பூசினா காகிதம் மாதிரி ஆயிடும். அதுல இரும்புச் சாயத்தால அண்ணன் படம் வரைவார், தம்பி எழுத்து எழுதுவார். காகிதத்துல தப்பினா வேற காகிதம் எடுக்கலாம். இங்க ஈரத்தை மண் உடனே உறிஞ்சிடும், தயங்கி நின்னா அங்கேயே திட்டு. நம்ம 'அன்டூ' பட்டன் எல்லாம் கிடையாது :-)

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துல ஒண்ணு இருக்கு. சீனக் கவிஞர் ஹுவாங் ஷாங்கு கடற்பறவைகளைப் பார்த்துட்டு நிக்கறார், அவ்வளவுதான் படம். கோரின் கையெழுத்து, கென்சான் கையெழுத்து ரெண்டும் இருக்கு.

சரி, சுட்டது யாரு? புகழ்பெற்ற குயவர் நின்செயோட மகன் செய்யெமொன் ஒருத்தர். ஓஷிகோஜி பாணிப் பாண்டம் கைவந்த மாகொபெய் இன்னொருத்தர். சூளைச் சூடு எவ்வளவு, பூச்சு எவ்வளவுன்னு தெரிஞ்ச கைகள் இவங்களுது. தட்டுல இவங்க பேர் இல்ல.

ஆனா கென்சானை நான் மதிக்கறது இந்த இடத்துல தான். 1737-ல, 74 வயசுல, தொழில் நுணுக்கங்களை எழுதி வெச்சார். நின்செய்கிட்ட கத்தது எது, தான் கண்டுபிடிச்சது எதுன்னு பிரிச்சு எழுதினார். உதவின அந்த ரெண்டு பேரையும் பேர் சொல்லியே எழுதினார். புரோகிராம் கோடுக்குள்ள யார் எதை எழுதினாங்கன்னு ஒரு வரி போடவே நம்மாளுங்களுக்குக் கை வராது. அப்புறம் 'கென்சான்'ங்கற பேரையே பல தலைமுறை போட்டுக்கிச்சு. அந்த முத்திரையை மட்டும் நம்பி யாரும் தட்டு வாங்காதீங்க.