செதில்பூச்சிகளைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள்: வகைப்பாட்டு வரலாறு

செதில்பூச்சிகளிலும் மாவுப்பூச்சிகளிலும் முட்டையிட்டு, அவற்றைத் தின்று வளரும் நுண்ணிய குளவிகளில் பெரும்பாலானவை என்சிர்ட்டிடே, அபெலினிடே ஆகிய இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. குளவி என்றால் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் பெரிய குளவிதான் நம் நினைவுக்கு வரும். இவை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையவை, மனிதரைக் கொட்டுவதில்லை. இவற்றின் பெயர்களைச் சரியாக அறியாததால் பயிர்ப் பாதுகாப்பில் பல ஆண்டுகள் வீணாயின.

என்சிர்ட்டிடே என்னும் குடும்பப் பெயர் 1837-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் வாக்கர் காலத்தது. அபெலினிடே 1876-இல் சுவீடன் அறிஞர் தாம்சனால் வந்தது. அக்காலத்தில் குளவியை அட்டையில் ஒட்டி உலர வைத்துப் பார்ப்பதே வழக்கம். மெல்லிய உடலுடைய இவை உலர்ந்தால் சுருங்கிவிடும், நிறமும் மாறும். உணர்கொம்பின் கணுக்கள், இறக்கையிலுள்ள மயிர்களின் வரிசை போன்ற நுட்பங்களைக் காண வேண்டுமானால், கண்ணாடி வில்லையில் பதித்து நுண்ணோக்கியின் கீழ் வைக்க வேண்டும். பல இனங்களில் ஆணும் பெண்ணும் வேறு வேறு பூச்சிகள் போலத் தோன்றுவது இன்னொரு தொல்லை.

கலிபோர்னியாவின் சிவப்புச் செதில்பூச்சி

பெயர்க்குழப்பத்தின் விலை எவ்வளவு என்பதை எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்த தெற்குக் கலிபோர்னியாவில் காணலாம். அங்கே சிவப்புச் செதில்பூச்சி மரங்களைக் காய வைத்தது. 1886 முதல் விவசாயிகள் மரத்தையே துணிக்கூடாரத்தால் மூடி, உள்ளே ஹைட்ரஜன் சயனைடு புகையைச் செலுத்தினர். மனிதரையும் கொல்லும் நச்சு அது. நாளடைவில் அதற்கும் தாக்குப்பிடிக்கும் செதில்பூச்சிகள் தோன்றிவிட்டன.

இப்பூச்சியின் இயற்கை எதிரிகளைத் தேடி அறிஞர்கள் பல நாடுகளுக்குச் சென்றனர். அவர்களின் முயற்சி இரண்டு இடங்களில் தடுமாறியது. முதலாவது, செதில்பூச்சியின் அடையாளம். சிவப்புச் செதில்பூச்சிக்கு ஏறக்குறைய அதே தோற்றமுடைய உறவினங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறியும் உடலமைப்பு வேறுபாடுகளை மெக்கென்சி என்பவர் 1937-இல்தான் தெளிவாக எழுதினார். அதற்கு முன் வேறு இனத்திலிருந்து எடுத்த ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து, அவை வளரவில்லையே என்று வருந்தியதும் உண்டு.

இரண்டாவது தடுமாற்றம் குளவியைப் பற்றியது. ஹோவர்டு 1900-இல் நிறுவிய அபிட்டிஸ் பேரினத்துக் குளவிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறமானவை. பெண்குளவி செதிலின் அடியில் பூச்சியின் உடல் மேல் முட்டையிடும். புழு வெளியிலிருந்தே அதை உறிஞ்சித் தின்னும். கலிபோர்னியாவில் அபிட்டிஸ் கிரைசோம்பாலி என்னும் இனம் ஏற்கெனவே இருந்தது. ஆகவே சீனத்திலும் பிற கீழை நாடுகளிலும் மஞ்சள் குளவியைக் கண்டவர்கள், "இதுதான் நம் ஊரிலேயே இருக்கிறதே" என்று விட்டுவிட்டார்கள். அவர்களை முழுதும் குறைகூற முடியாது. அன்றைய நூல்களைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிவது எளிதன்று.

1940-களின் இறுதியில் பால் டிபாக்கும் ஹெரால்டு காம்பியரும் இதை மறுபடி ஆராய்ந்தனர். இறந்த மாதிரியை மட்டும் பாராமல் உயிருள்ள குளவிகளை வளர்த்துப் பார்த்ததே இங்கு முக்கியம். கிரைசோம்பாலி இனத்தில் பெண்கள் ஆணின்றியே பெண்களைப் பெறும். தென்சீனத்திலிருந்து 1947–48-இல் வந்த குளவிகளில் ஆண், பெண் இரண்டும் இருந்தன. கூட்டுப்புழுவின் நிறமும் இனங்களைப் பிரித்தறிய உதவியது. ஐயமிருந்தால் கலப்பு செய்து பார்த்தனர். சீனக் குளவிக்குக் காம்பியர் 1955-இல் அபிட்டிஸ் லிங்னானென்சிஸ் என்று பெயரிட்டார்.

1956–57-இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த மற்றொரு குளவிக்கு 1959-இல் டிபாக் இட்ட பெயர் அபிட்டிஸ் மெலினஸ். வெப்பமும் குளிரும் மிகுந்த உள்நாட்டுப் பகுதிகளில் இது சில ஆண்டுகளுக்குள் லிங்னானென்சிசின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றும் எலுமிச்சை வகைத் தோட்டங்களில் விடுவதற்காக இது பெருமளவில் வளர்க்கப்படுகிறது. டிபாக்கும் இஸ்ரேலைச் சேர்ந்த டேவிட் ரோசனும் 1979-இல் உலக அபிட்டிஸ் இனங்கள் அனைத்தையும் பற்றிப் பெருநூல் வெளியிட்டனர்.

மரவள்ளி மாவுப்பூச்சி

இதே வகைக் குழப்பம் ஆப்பிரிக்காவில் இன்னும் கொடியதாகியிருக்கும், ஏனெனில் அங்கே மரவள்ளி ஏழைகளின் அன்றாட உணவு. 1970-களின் தொடக்கத்தில் அங்கு நுழைந்த மாவுப்பூச்சிக்கு 1977-இல் பினகாக்கஸ் மானிஹோட்டி என்று பெயரிடப்பட்டது. அதன் தாயகம் தென் அமெரிக்கா என்று கருதி வடபகுதியில் தேடினர். கிடைத்தது தோற்றத்தில் ஒத்த வேறோர் இனம். அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் வளரவில்லை. அது 1981-இல் பினகாக்கஸ் ஹெரெனி என்று தனி இனமாயிற்று. அதே ஆண்டில் உண்மையான பூச்சியைப் பராகுவே நாட்டில் அந்தோனி பெல்லோட்டி கண்டார். அதன் குளவியை அர்ஜென்டினா அறிஞர் டி சான்டிஸ் 1964-இலேயே விவரித்திருந்தார். 1981-இல் நைஜீரியாவில் விடப்பட்ட அக்குளவி மரவள்ளிப் பகுதிகளெங்கும் பரவியது. இத்திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றைப் பாழாக்கியது. 2003-இல்தான் அறிவியல் பெயர் பெற்றிருந்த அசிரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டு, பூச்சி அடங்கியது. பின்னர் மரவள்ளி மாவுப்பூச்சியும் 2020-இல் கேரளத்தில் தென்பட்டுத் தமிழ்நாட்டுக்கும் பரவவே, டி சான்டிசின் குளவி பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. இக்குளவியைப் பற்றிப் படிக்க விரும்பும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய கட்டுரைகளில் இது எபிடினோகார்சிஸ் லோபேசி என்றும் அப்போஅனகைரஸ் லோபேசி என்றும் இருக்கும், இப்போது வழங்கும் பெயர் அனகைரஸ் லோபேசி. மூன்றும் ஒரே குளவிதான்.