சுங்கை சிப்புட்டும் என் பட்டிமன்றத் தீர்ப்பும்



கடந்த ஆண்டு எங்கள் பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் ஒன்றுகூடலில் ஒரு பட்டிமன்றம் இடம்பெற்றது. ‘உழைக்கும் மக்களின் துன்பத்திற்குப் பெரிதும் காரணம் அரசியல்வாதிகளே! முதலாளித்துவமே!’ என்பது தலைப்பு. ஆசிரியர்கள் ஓர் அணி, பெற்றோர்கள் ஓர் அணி. நடுவர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரு தரப்பும் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்துப் பேசினர். இறுதியில் ‘அரசியல்வாதிகளே’ என்று தீர்ப்பளித்தேன். உண்மையைச் சொல்வதானால், அந்த அணிக்குத்தான் கைத்தட்டல் மிகுதியாக இருந்தது. தீர்ப்புக்கும் பலத்த கைத்தட்டல் கிடைத்தது.

நிகழ்ச்சி முடிந்து வடையும் தேநீரும் பரிமாறிக் கொண்டிருந்தபோது, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாத்தா என்னிடம் வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். “தோட்டத்த வித்தப்போ எந்த அரசியல்வாதி வந்து நின்னான், வாத்தியாரே? வாங்குனவன் முகத்தக்கூட நாங்க பாத்ததில்ல. ஆறு மாசத்துல வீட்டக் காலி பண்ணச் சொல்லிக் காயிதம் வந்துச்சு, அவ்வளவுதான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு மாணவனின் கணக்கில் பிழை திருத்துவதுபோல் சொல்லிவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கெங்கோ நடந்த புரட்சிகளைப் படித்துத் தேர்வு எழுதினேன். ஆனால், நான் பணிபுரியும் இடத்திலிருந்து மிக அருகில் இருக்கும் சுங்கை சிப்புட்டின் வரலாற்றை ஒழுங்காகப் படித்ததில்லை. பட்டிமன்றத்தில் வைக்கப்பட்ட அத்தனை வாதங்களுக்கும் அந்த ஒரு சிறு நகரத்திலேயே சான்று இருக்கிறது என்பது, பின்னர் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது.

சுங்கை சிப்புட்டுக்கு வருமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1930ஆம் ஆண்டு உலகப் பொருளாதாரம் சரிந்தபோது இரப்பர் விலையும் படுவீழ்ச்சி அடைந்தது. அதுவரை தென்னிந்தியத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என முக்கிய வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்டிருந்த கூலி வெட்டப்பட்டது. ஓரிலட்சத்திற்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். விலை இலண்டனிலும் நியூயார்க்கிலும் விழுந்தது. ஆனால் கூலியை நிர்ணயித்ததும் ஆட்களைக் கப்பலேற்றியதும் இங்கிருந்த அரசாங்கம். இந்த ஓர் இடத்திலேயே என் பட்டிமன்றத் தலைப்பு தடுமாறத் தொடங்குகிறது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலை நிறுத்தத்தை நம்மில் சிலர் அறிந்திருக்கலாம். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணித் தலைவர். அப்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் பார்த்து நான் வியந்து போனேன். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும் என்பது முதன்மையான கோரிக்கை. அதோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியனவும் இருந்தன. துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கோரியதும் அந்தப் பட்டியலில் உண்டு. மிதிவண்டியிலிருந்து இறங்காமல் இருப்பதற்கு எந்த முதலாளிக்கும் ஒரு காசு கூடச் செலவில்லை. இருந்தும் அதைக் கேட்க ஒரு வேலை நிறுத்தம் தேவைப்பட்டது! நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படையினர் வந்தனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

இனி சுங்கை சிப்புட். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் காலை, எல்பில் தோட்டத்து நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்தில் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் மேலும் இரு ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டனர். மலாயா கம்யூனிஸ்டு கட்சியினர் செய்த இக்கொலைகளைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் கதையை நம் வரலாற்று நூல்கள் இந்த மூன்று கொலைகளிலிருந்துதான் தொடங்குகின்றன. (எல்பில் என்ற பெயரைக் கேட்டதும் அங்குள்ள தமிழ்ப்பள்ளி பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கும் அதுவரை அது ஒரு பள்ளியின் பெயர் மட்டுமே.)

ஆனால், கதை அங்கே தொடங்கவில்லை. அதற்குச் சில நாள்களுக்கு முன்பே தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு விட்டது. ஒரு தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் இல்லாதவர் அத்தொழிலின் சங்கத்தில் பொறுப்பு வகிக்கக் கூடாது. பல்வேறு தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனமாக இணையக் கூடாது. இந்த இரண்டு விதிகளால், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைத் திரட்டியிருந்த அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் சட்டப்படி இயங்க முடியாமல் போயிற்று. துப்பாக்கி வெடித்தது அதன் பின்னர்தான். இந்த வரிசையை நான் மாற்றிப் படித்திருந்தேன். மாணவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அச்சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி. தமிழகத்தின் தஞ்சை மண்ணில் பிறந்து, இளமையிலேயே இங்கு வந்து, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். 1949ஆம் ஆண்டு ரவாங் அருகே ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார். அவசரகாலச் சட்டத்தின்படி அதற்கு மரண தண்டனை. இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முதல் நாள்தான் சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கணபதியை மாசற்ற தியாகி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அச்சம்மேளனம் கம்யூனிஸ்டு கட்சியின் பிடியில் இருந்தது. காட்டுக்குள் சென்றவர்களின் குண்டுகளுக்குத் தோட்டத் தொழிலாளிகளும் கங்காணிகளும்கூட இரையாயினர். எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. பேசுவதற்கு இருந்த சங்கத்தைச் சட்டம் போட்டு மூடிய பிறகு, முதலாளியிடம் தொழிலாளி எதைக் கொண்டு பேசுவது?

அதே சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்ட உரிமையாளரின் மகன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1955இல் ம.இ.கா. தலைவராகி அமைச்சரும் ஆனவர். கணபதியின் கண்ணோட்டத்தில் இவர் அரசியல்வாதி, முதலாளி ஆகிய இரண்டுமே! ஆனால் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறியபோது நடந்ததைப் பாருங்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி இலாபத்துக்கு விற்றனர். துண்டு நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆனவனுக்கு லயமும் தேவையில்லை, பள்ளிக்கூடமும் தேவையில்லை, தலைமுறையாக அங்கிருந்த தொழிலாளியும் தேவையில்லை. தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் நடுக்கத்தோடு சொல்வது இதைத்தான். இதைத் தடுக்கும் சட்டத்தை அன்றைய அரசு உரிய காலத்தில் கொண்டு வரவில்லை.

சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, ஒரு பங்கு நூறு வெள்ளி, அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று தொழிலாளர்களைச் சேர்த்தார். துணைவியார் தோ புவான் உமா சம்பந்தனும் உடன் நடந்தார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. என் பாட்டியிடமும் ஒரு பங்கு இருந்தது. அந்தச் சான்றிதழை மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். தாம் வெட்டும் மரத்தில் ஒரு கிளையாவது தமக்குச் சொந்தம் என்பார். இடதுசாரி நோக்கில் பார்த்தால் இதில் ஒரு கசப்பு உண்டு. தாமே காடழித்து உண்டாக்கிய தோட்டத்தைத் தாமே கூலியில் மிச்சம் பிடித்து விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆயினும் பாட்டியின் மஞ்சள் துணியை என்னால் குறைத்து மதிப்பிட இயலவில்லை.

பின்னர் 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் துன் ச. சாமிவேலு. 1982இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா நிறுவனத்தில் ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடியே 60 இலட்சம் வெள்ளியை முதலீடு செய்தனர். நகை அடகு வைத்தவர்களும் உண்டு. 28 ஆண்டுகள் கழித்து, 2010இல் அந்நிறுவனம் கைமாறியபோது ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு விலை பேசப்பட்டது. கூட்டுறவில் உறுப்பினருக்குப் பங்கு எத்தனை இருந்தாலும் ஒரு வாக்குதான். நிறுவனத்தில் பங்குக்குத் தகுந்த வாக்கு. கூட்டுறவுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அன்று தோட்டத்து மக்களுக்கு எவரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

2008ஆம் ஆண்டுத் தேர்தலில் சாமிவேலுவை 1,821 வாக்குகளில் வீழ்த்தியவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். மலேசிய சோசலிசக் கட்சிக்காரர். 1999, 2004 ஆகிய ஆண்டுகளில் அங்கேயே நின்று தோற்றவர். ‘அலைகள்’ அமைப்பினரோடு தோட்டங்களுக்குச் சென்று வீட்டுரிமை, இழப்பீடு, குறைந்தபட்சச் சம்பளம் என்று பல்லாண்டுகள் உழைத்த மருத்துவர். 1998இல் பதிவுக்கு விண்ணப்பித்த அவருடைய கட்சிக்குப் பதிவு கிடைத்ததே 2008இல்தான்! 2011இல் அவரும் கட்சியினர் ஐவரும் 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஒரு மாதம் தடுத்து வைக்கப்பட்டனர்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2025இல் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. தொழிற்சங்கங்களும் சோசலிசத் தோழர்களும் நெடுங்காலம் கேட்டது அது. ஆனால் அதைக் கையெழுத்திட்டுத் தந்தவர்கள் அரசியல்வாதிகள்தாமே? 2013இல் மீண்டும் வென்ற ஜெயக்குமார், 2018இல் தம் சொந்தக் கட்சியின் சின்னத்தில் நின்றபோது பெற்றவை 1,505 வாக்குகள். அவரைப் போற்றிப் பேசாதவர்களை நான் அவ்வட்டாரத்தில் பார்த்ததே இல்லை. தேர்தல் வேறு கணக்கு போலும்.

இவற்றையெல்லாம் படித்தபின் என் தீர்ப்பு தவறு என்றே கருதுகிறேன். கூலி வெட்டு, துண்டாடல், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் என ஒவ்வொரு துன்பமும் உடைமையாளரின் கணக்குப் புத்தகத்தில்தான் முதலில் எழுதப்பட்டது. அந்தத் தாத்தா சொன்னதே சரி. அதே வேளையில், 1948இல் சங்கத்தை மூடியதும், துண்டாடலைப் பார்த்துக் கொண்டிருந்ததும், ஒரு கட்சிக்குப் பதிவு தரப் பத்தாண்டு எடுத்துக் கொண்டதும் அரசியல். அடித்தவன் ஒருவன் என்றால், கையைப் பிடித்துக் கொண்டவன் இன்னொருவன். பட்டிமன்ற நடுவருக்கு அப்படித் தீர்ப்பளிக்க அனுமதி இல்லை. அதனால் எளிதான பக்கத்தைத் தேர்ந்துவிட்டேன்.

ஏன் அந்தப் பக்கம் எளிதாக இருந்தது என்பது சென்ற மாதம்தான் விளங்கியது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரும்படி ஐந்து கேள்விகளைக் கொடுத்திருந்தேன். எந்தத் தோட்டம்? எவ்வளவு கூலி? எப்போது மூடப்பட்டது? அப்போது உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் யார்? தோட்டத்தின் முதலாளி யார்?

நான்காவது கேள்விக்கு எல்லாரும் பெயரைச் சரியாக எழுதியிருந்தனர். அவர் எந்த ஆண்டு தோட்டத்துக்கு வந்தார், எந்த நிறத் துண்டு போட்டிருந்தார், யாருக்குக் கைகொடுத்தார் என்றுகூடச் சிலர் எழுதியிருந்தனர். ஐந்தாவது கேள்விக்குப் பெரும்பாலான ஏடுகளில் ‘தெரியாது’. ஒரு பையன் மட்டும் தாத்தா சொன்னதை அப்படியே எழுதி வந்திருந்தான்: ‘கம்பெனி’.