டூர் டி பிரான்ஸ் சவுண்ட்டிராக்ஸ்

ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரைச் சேர்ந்த மின்னணு இசைக்குழு கிராஃப்ட்வெர்க் 2003 ஆகஸ்டில் வெளியிட்ட ஆல்பம். 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் நூற்றாண்டுக்காகத் திட்டமிடப்பட்டது. ஆனால் அவ்வாண்டுப் பந்தயம் ஜூலை 27இல் முடிந்த பிறகுதான் விற்பனைக்கு வந்தது. 1986க்குப் பின் குழு தந்த முதல் புதிய ஸ்டூடியோ ஆல்பம் இது. இதற்குப் பின் வேறொன்று வரவில்லை. பழைய பெருமைக்கு ஒரு பின்னிணைப்பு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. ஆனால் மனிதனும் எந்திரமும் ஒன்றாக இயங்குவது என்ற குழுவின் நெடுநாள் கருப்பொருள் உடலுக்குள் இறங்கியது இந்த ஆல்பத்தில்தான். இதன் உருவாக்க வரலாற்றையும் ஒலியமைப்பையும் சேர்த்துப் பார்த்தால் அது தெளிவாகும்.

ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் 1970இல் குழுவைத் தொடங்கினர். 1974இல் நெடுஞ்சாலை, 1977இல் ரயில், 1978இல் எந்திர மனிதன், 1981இல் கணினி என்று ஆல்பத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டனர். சாலையிலும் ரயிலிலும் மனிதன் பயணி. கணினி முன் அவன் விசைகளைத் தட்டுபவன். சைக்கிளில் மட்டும் எஞ்சினே அவன்தான். ஹூட்டர் அக்காலத்தில் தீவிர சைக்கிள் ஓட்டியாகியிருந்தார். 1983 கோடையில் வெளிவந்த ‘டூர் டி பிரான்ஸ்’ என்ற தனிப்பாடலில் தாளத்தின் ஒரு பகுதி டிரம்மிலிருந்து வரவில்லை. மூச்சிரைப்பும் சங்கிலி, சக்கரங்களின் ஓசையும் பதிவுசெய்யப்பட்டு, துண்டு துண்டாக வெட்டித் தாளமாக அடுக்கப்பட்டன. இழுத்த மூச்சும் விட்ட மூச்சும் அடுத்தடுத்த அடிகளாக விழும் அந்த இடம் இன்று கேட்டாலும் புதிதாகவே இருக்கிறது. அதன் தொடக்க மெட்டு, பால் ஹிண்டமித் 1936இல் எழுதிய புல்லாங்குழல் சொனாட்டாவின் தொடக்கத்தை ஒத்திருப்பதைப் பலர் சுட்டியுள்ளனர். ஷ்னைடர் முறையாகப் புல்லாங்குழல் பயின்றவர் என்பதால் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு மேல் இதில் உறுதியாகச் சொல்ல இடமில்லை. 1984இல் வந்த ‘பிரேக்கின்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்தில், துடைப்பத்தோடு ஒருவர் ஆடும் காட்சிக்கு இப்பாடல் பயன்பட்டு, சைக்கிள் பந்தயம் பாராத இளைஞரிடமும் போய்ச் சேர்ந்தது. ஹூட்டருக்கு நேர்ந்த சைக்கிள் விபத்து இக்காலத்தைச் சேர்ந்தது. அதன் சரியான காலமும் காயத்தின் தீவிரமும் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. 1983இல் வரவிருந்த ஆல்பம் நின்றுபோனதற்கு விபத்தே காரணம் என்பாரும், ஒலிப்பதிவில் நிறைவின்மையே காரணம் என்பாரும் உளர்.

அந்த ஆல்பம் மாற்றங்களுடன் 1986இல் வந்தது. 1991இல் பழைய பாடல்களின் மறுபதிவு வெளியானது. இதற்கிடையே குழு உறுப்பினர்களான வுல்ஃப்காங் ஃப்ளூரும் கார்ல் பார்டோஸும் விலகினர்.

2003இன் ஆல்பம் ஒரு பந்தயத்தைப் போலவே அமைந்திருக்கிறது. முன்னோட்டம், மூன்று கட்டங்கள், கால ஓட்டம் என முதல் ஐந்து பகுதிகள் இடைவெளியின்றி ஓடுகின்றன. பிறகு பார்வை சாலையிலிருந்து உடலுக்குத் திரும்புகிறது. ‘வைட்டமின்’ தாதுக்களையும் சத்துக்களையும் வரிசையாகச் சொல்கிறது. ‘எலெக்ட்ரோ கார்டியோகிராம்’ இதயத்துடிப்பையும் மூச்சையுமே தாளமாகக் கொள்கிறது. அதற்கு ஹூட்டரின் மருத்துவப் பரிசோதனைப் பதிவுகளே மூலம் என்று பேட்டிகளிலிருந்து அறிகிறோம். 1983இன் பாடல் மறுபதிவாகி இறுதியில் வருகிறது. ஃப்ரிட்ஸ் ஹில்பர்ட், ஹென்னிங் ஷ்மிட்ஸ் ஆகியோர் இசையிலும், மாக்சிம் ஷ்மிட் வரிகளிலும் பங்களித்தனர்.

ஜெர்மன் ஆல்பம் பட்டியலில் இது முதலிடம் பெற்றது. குழுவுக்கு அங்கே அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. பிரிட்டனில் 21ஆம் இடம். நீண்ட காத்திருப்பின் விளைவுதான் இந்த விற்பனை என்பது மறுப்பதற்கில்லை. விற்பனை தரத்துக்குச் சான்றாகாது. விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினாலும், ஒரு குறை திரும்பத் திரும்ப எழுந்தது: டெக்னோ என்ற மின்னணு நடன இசைக்கு வழிவகுத்த குழு, இப்போது டெக்னோவின் பின்னால் போகிறது. ஒலியின் புதுமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இக்குறை நியாயமே. ஆனால் முதல் பகுதிகளின் மாறாத சீர் இங்கே பொருளோடு பொருந்துகிறது. மலையேறும் ஓட்டி தேடுவது திடீர்த் திருப்பங்களையல்ல, மூச்சுக்கும் மிதிக்கும் இடையே குலையாத ஒத்திசைவை. நன்றாக ஓடும் சைக்கிளுக்குச் சத்தமே இராது என்ற கருத்தை ஹூட்டர் வெளிப்படுத்தியிருக்கிறார். பழைய ஆல்பங்களின் பளிச்சென்ற மெட்டுகள் இங்கே தேய்ந்து மென்மையானதைத் தளர்ச்சி என்பதைவிட அந்த எண்ணத்தின் நீட்சி என்பதே பொருத்தம். இன்னோர் எதிர்வாதம் கனமானது. 1998இலேயே ஊக்கமருந்து விவகாரம் பந்தயத்தை உலுக்கியிருந்தது. 2003இல் வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. உடலின் வேதியியலைப் பாடும் ஆல்பம் இதைத் தொடவில்லை. அது குறைதான். ‘வைட்டமின்’ பாடலை அந்தச் செய்திகள் மனதில் வராமல் இன்று கேட்க முடிவதில்லை.

2009இல் ஒலிச் செம்மையாக்கத்துடன் மறுவெளியீடு கண்டபோது பெயர் ‘டூர் டி பிரான்ஸ்’ என்று சுருங்கியது. அதே ஆண்டு மான்செஸ்டர் சைக்கிள் அரங்கில் குழு ‘டூர் டி பிரான்ஸ்’ பாடலை இசைக்க, பிரிட்டன் அணி வீரர்கள் ஓடுதளத்தில் சுற்றிவந்தனர். ஷ்னைடர் அதற்குள் விலகிவிட்டார், 2020இல் மறைந்தார். 2017இல் பந்தயம் டியூசல்டார்ஃபில் தொடங்கியபோது குழு தன் சொந்த ஊரில் இசைத்தது.