முச்சந்திப் பாட்டும் நாடக நோட்டீசும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டில் ஏராளமாக அச்சாகி, மிகக் குறைவாகவே எஞ்சியிருப்பவை மலிவுவிலைப் பாட்டுப் புத்தகங்களும் நாடகப் பாடல் புத்தகங்களும் நாடக நோட்டீசுகளும் ஆகும். பாடி முடித்ததும், நாடகம் பார்த்ததும் எறிந்துவிடக் கூடியவை என்பதால் இவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று பலரும் நினைக்கவில்லை. தப்பிப் பிழைத்தவற்றில் ஒரு பெரும் தொகுதி சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கிறது. பெரிய நூல்களில் இடம்பெறாத சாதாரண மக்கள் எதைப் பாடினார்கள், எதைப் பார்க்கக் கூடினார்கள் என்பதை அறிய இந்தத் தாள்களே நமக்கு நேரடிச் சான்று.

குஜிலிப் பதிப்புகள்

1835ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த முடிந்தது. புராணமும் இலக்கணமும் அச்சிட்ட அச்சகங்களோடு, எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகம் அச்சிடும் சிறு அச்சகங்களும் பெருகின. இவை விற்கப்பட்ட இடங்களில் புகழ்பெற்றது சென்னைப் பூங்கா நகர்ப் பகுதியில் மாலையில் கூடிய குஜிலி பஜார். அதனால் இவற்றுக்குக் குஜிலிப் புத்தகங்கள் என்றே பெயர் வந்தது. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலுக்கு ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயரிட்டார்.

சிந்து, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி, லாவணி ஆகியவை இவற்றில் மிகுதியாகக் காணப்படும் வடிவங்கள். ஊரைக் கலக்கிய கொலை, வெள்ளம், ரயில் பயணம், கள்ளுக்குடியின் கேடு, தலைவர்களின் மறைவு என எதுவும் பாடுபொருளாயிற்று. விற்பவரே சந்தையிலும் திருவிழாவிலும் பாடிக்காட்டி விற்றார். எனவே எழுத்தறியாதவர்களும் பாட்டைக் கேட்டுக்கொண்டார்கள். வாங்கிய ஒருவர் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். விற்ற படிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இவற்றின் செல்வாக்கை அளக்க முடியாது.

மெட்டு என்னும் சான்று

பாடலின் தலைப்பில் இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு குறிப்பு அச்சிடுவது வழக்கம். இசைக் குறியீடு எதுவும் இராது. வாசகருக்கு அந்த மெட்டு முன்பே தெரியும் என்பதே இதன் பொருள். ஆகவே மெட்டுக் குறிப்புகளைத் தொகுத்தால், அக்காலத்தில் எந்தப் பாடல்கள் எல்லோர் வாயிலும் இருந்தன என்று அறியலாம். நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் பாடியவை இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அப்படிப் பரவிய மெட்டுகளில் புதிய சொற்களைப் பொருத்தி அரசியல் பாடலும் பக்திப் பாடலும் எழுதினார்கள்.

நாடக நோட்டீஸ் கூறும் செய்திகள்

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்கள் தமிழ் மேடைக்குப் பொதுச் சொத்தாயின. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறையில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒரே இரவுக்கு ஒன்றுகூடி, ஒத்திகை இல்லாமலே நடித்தனர். யார் யார் வருகிறார்கள் என்பதை மக்களுக்குத் தெரிவித்தது நோட்டீசே. நாடகத்தின் பெயர், கொட்டகை, நாள், டிக்கெட் விலை, நடிகர் பெயர், அவருடைய ஊரும் பட்டங்களும், ஆர்மோனியம் வாசிப்பவர், மிருதங்கம் வாசிப்பவர் ஆகிய விவரங்களை அதில் காணலாம். எழுதப்பட்ட நாடக வரலாறுகளில் பெயர் இல்லாத பல பெண் நடிகர்களும் பக்கவாத்தியக்காரர்களும் நோட்டீசில் மட்டுமே வாழ்கிறார்கள். நடிகர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார் என்பதையும் இவற்றைக் கொண்டு தொடரலாம்.

1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியானதிலிருந்து பேசும்படம் நாடகத்தின் இடத்தை மெல்லப் பிடித்தது. பாட்டுப் புத்தக வழக்கமும் அதனோடு சினிமாக் கொட்டகைக்குச் சென்றது. கதைச் சுருக்கத்தை முக்கால் பங்கு சொல்லி, மீதியைத் திரையில் பார்க்கச் சொல்லும் சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடகப் பாடல் புத்தகத்தின் வாரிசே.

அரசின் கண்ணில்

இந்தத் தாள்களை அலட்சியம் செய்யாத ஒரு வாசகர் இருந்தார்: பிரிட்டிஷ் அரசு. 1867ஆம் ஆண்டு நூல் பதிவுச் சட்டத்தின்படி அச்சான நூல்களின் பட்டியல் காலாண்டுதோறும் வெளியிடப்பட்டது. 1876இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1910இல் அச்சகச் சட்டமும் வந்தன. 1928இல் பாரதியார் பாடல் நூல்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தபோது, சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதைக் கண்டித்துப் பேசினார். 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட பின் அவரைப் பற்றி எழுந்த பாட்டுப் புத்தகங்கள் பலவும் தடை செய்யப்பட்டன. தடை செய்த அரசே கோப்பில் ஒரு படியை வைத்துக்கொண்டதால், அவற்றில் சில எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் எஞ்சின.

அச்சிட்ட சொல்லை மட்டும் படித்தால் போதாது என்பதற்கு எஸ். எஸ். விஸ்வநாததாஸ் (1886–1940) நல்ல சான்று. வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளைப் பற்றிய பாட்டு, தாளில் வெறும் பறவைப் பாட்டு. அவர் பாடியபோது அந்த வெள்ளைப் பறவைகள் யார் என்பது கொட்டகை முழுவதற்கும் விளங்கியது. பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

கோட்டையூரிலிருந்து தரமணிக்கு

அரசு சேர்த்தது அச்சத்தால். விருப்பத்தால் சேர்த்தவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியரான அவர், நூல்களோடு இதழ்கள், அழைப்பிதழ்கள், நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றையும் பல ஆண்டுகள் தேடித்தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது சேகரிப்பில் ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கினாலும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னை முகப்பேரில் நூலகம் அமைந்தது. பின்னர் தரமணிக்கு மாறியது. மக்கிப்போகும் மலிவுத் தாள்கள் முதலில் நுண்படமாகவும் பிறகு மின்படியாகவும் பதிவு செய்யப்பட்டன.

காலம் கணிக்கும் முறை

பல நோட்டீசுகளில் தேதியும் கிழமையும் இருக்கும், ஆண்டு இராது. மாணவர்கள் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். ‘பிரபவ’ என்றிருந்தால் அது 1867 அல்லது 1927 அல்லது 1987. தேதியும் கிழமையும் பொருந்துவது இவற்றுள் எது என்று பழைய பஞ்சாங்கத்தில் பார்க்கலாம். விலை அணாக் கணக்கில் மட்டும் இருந்தால், பெரும்பாலும் தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ணை, லை, னை ஆகியவை பழைய வடிவில் இருப்பது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சைச் சுட்டும். நடிகர் வாழ்ந்த காலத்தோடும் ஒப்பிட வேண்டும். ஒரே குறிப்பை நம்பி முடிவு செய்யக் கூடாது.

தாளைக் காப்பாற்றியாயிற்று, மெட்டு அப்படியல்ல. இசைத்தட்டில் ஏறாத மெட்டுகள், அவற்றைப் பாடிய முதியவர்களோடு மறைந்து வருகின்றன. வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால் அதை எடைக்குப் போடாமல் வைப்பது ஒரு கடமை. அதைப் பாடத் தெரிந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பாடச் சொல்லி இன்றே கைப்பேசியில் பதிவு செய்வது அதைவிட அவசரம்.