கண்ணில்லாத கப்பற்படை

பீரங்கி அதிகமுள்ள கப்பல்தான் முக்கியம்னு நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1798 அந்த நினைப்பை மாற்றியது. நெப்போலியனைத் தேடிப்போன நெல்சனிடம் 74 பீரங்கிக் கப்பல்கள் 13 இருந்தன. அவை வரிசைகட்டிச் சண்டை போடுவதற்கு. வேவு பார்ப்பது வேகமான ஃபிரிகேட்களின் வேலை. அவையோ மே மாதப் புயலில் பிரிந்துபோய்விட்டன.

ஜூன் 22 இரவு, மத்தியதரைக் கடலில் இரு படைகளும் ஒன்றையொன்று பார்க்காமலே கடந்தன. நெல்சன் அலெக்சாண்ட்ரியாவுக்கு முந்திப் போய், யாருமில்லையென்று திரும்பினார். பின்னாலேயே நெப்போலியன் வந்து இறங்கினார்.

ஆகஸ்ட் 1 அபூகிர் சண்டையில் பிரெஞ்சுக்காரர்களின் 13 பெரிய கப்பல்களில் தப்பியவை இரண்டே. ஆனால் என்ன, நெப்போலியன் அதற்குள் கெய்ரோவில்! நாலு ஃபிரிகேட் கூட இருந்திருந்தால் அந்த ராணுவம் கரையே ஏறியிருக்காதோ என்னவோ.