நலிந்த பாட்டும் அரிய நாடாவும்

கலை பற்றிய வாதங்கள் பெரும்பாலும் சிறந்தது எது என்ற வினாவில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. மோசமானது எது என்று வினவி, அதற்காக ஆண்டுக்கணக்கில் வாதிடும் ரசிகர் கூட்டத்தைக் காண்பது அரிது. 1960இல் அப்பெயருடன் தோன்றி 1970இல் கலைந்துபோன பீற்றில்ஸ் என்னும் ஆங்கிலேய றொக் இசைக்குழுவின் அபிமானிகள் அத்தகைய கூட்டத்தினர். அக்குழு தன் வாழ்நாளில் வெளியிட்ட பாடல்கள் இருநூற்றுக்குச் சற்று மேற்பட்டவை. அவற்றுள் எது மிக நலிந்தது என்ற வாதம் குழு கலைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் ஓயவில்லை. வாதிடும் அதே மனிதர்கள் வெளிவராத ஒலிநாடாக்களையும், பாதியிற் கைவிடப்பட்ட பதிவுகளையும், பிழைபட்டு நின்ற முயற்சிகளையும் தேடித் திரட்டுவதிலும் ஓய்வதில்லை.

இதனை வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. ஒரு பாட்டு ஏன் நலிந்தது என்ற வினாவை வேர்வரை தொடர்ந்து சென்றால் அது எத்தகைய உழைப்பு நிலைமையிற் பிறந்தது என்பது தெரியவரும். ஓர் ஒலிப்பதிவு ஏன் அரியதாயிற்று என்ற வினாவைத் தொடர்ந்தால் அது யாருடைய உடைமையாக இருந்தது என்பது தெரியவரும். ரசிகர்கள் சுவை பற்றிப் பேசுவதாகவே எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் வரலாற்றின் வாயிலில் நின்று பேசுகின்றனர்.

துறைமுகத்திலிருந்து ஒலிப்பதிவுக்கூடம் வரை

லிவர்பூல் ஒரு துறைமுக நகரம். ஜோன் லெனனின் தந்தை கப்பலில் வேலை செய்தவர். ஜோர்ஜ் ஹரிசனின் தந்தை பஸ் சாரதி. போல் மக்கார்ட்னியின் தந்தை பருத்தி வியாபார நிலையமொன்றின் விற்பனையாளர், தாய் மருத்துவமாது. றிங்கோ ஸ்ரார் நகரின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றில் வளர்ந்தவர். இவ்விளைஞர்களின் இசைக் கல்வி கலைக்கழகம் எதிலும் நடைபெறவில்லை. 1960 ஆகஸ்டில் மேற்கு ஜெர்மனியின் ஹம்பேர்க் நகருக்குச் சென்ற குழுவினர் அங்குள்ள மதுக்கூடமொன்றில் வார நாட்களில் இரவுக்கு நாலரை மணி நேரமும் வார இறுதியில் ஆறு மணி நேரமும் வாசித்தனர். ஸ்ரார் அப்போது இக்குழுவில் இல்லை. அவர் 1962இலேயே வந்து சேர்ந்தார். பின்னாளில் உலகம் வியந்த இசையொருமை அந்த இரவுவேலையின் பயன்.

1962 ஜனவரி முதலாந் திகதி டெக்கா கம்பனி இவர்களைப் பரிசோதித்துப் பதினைந்து பாடல்களைப் பதிவு செய்தது, பின்னர் நிராகரித்தது. அதே ஆண்டில் ஈ.எம்.ஐ. கம்பனி இவர்களை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட விதத்தை நாம் கவனிக்க வேண்டும். இருபக்கங் கொண்ட ஒரு சிறு தட்டு விற்றால் குழுவுக்கு உரிய தொகை ஒரு பென்னி. அக்காலத்தில் ஒரு பவுணுக்கு 240 பென்னிகள். அந்த ஒரு பென்னியை நால்வரும் பங்கிட வேண்டும். இவர்களுடைய ஒலிப்பதிவுகளை நெறிப்படுத்திய ஜோர்ஜ் மார்ட்டின் ஈ.எம்.ஐ.யின் சம்பள ஊழியர்; கோடிக்கணக்கில் விற்ற தட்டுகளில் அவருக்கு எவ்விதப் பங்கும் கிடையாது. 1965இல் அவர் அக்கம்பனியை விட்டு விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நலிவின் வகைகள்

இந்தப் பின்னணியை மனங்கொண்டு ரசிகர்களின் நலிந்த பாடற் பட்டியலை நோக்குவோம். அதில் அடிக்கடி இடம்பெறுவது 'மிஸ்ரர் மூன்லைற்'. 1964 டிசெம்பர் 4ஆந் திகதி வெளிவந்த 'பீற்றில்ஸ் ஃபோர் சேல்' என்னும் நெடுநேர இசைத்தட்டில் உள்ள பாடல் இது. 'விற்பனைக்குப் பீற்றில்ஸ்' என்பது தட்டின் பெயருக்குப் பொருள். அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த முந்திய தட்டின் பதின்மூன்று பாடல்களும் லெனனும் மக்கார்ட்னியும் இயற்றியவை. ஐந்து மாதங்களின் பின் வந்த இத்தட்டிலோ பதினான்கில் ஆறு பிறருடைய பாடல்கள். கற்பனை வளம் ஐந்து மாதங்களில் வற்றிப்போயிற்றா? அந்த ஓராண்டில் அவர்கள் ஒரு திரைப்படத்தில் நடித்தனர். ஐரோப்பாவிலும் ஹொங்கொங்கிலும் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் சுற்றுப்பயணம் செய்தனர். பயணங்களுக்கு இடையே கிடைத்த நாட்களில் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்தனர். நத்தார்ச் சந்தைக்குத் தட்டு வேண்டும் என்பது வணிகத்தின் கட்டளை. 'மிஸ்ரர் மூன்லைற்' நலிந்ததாயின் அந்நலிவு களைத்த உழைப்பாளியின் நலிவு.

'றெவலூஷன் 9' மீதுள்ள குற்றச்சாட்டு வேறு வகையானது. 1968 நவம்பரில் வெளிவந்த இரட்டைத்தட்டில் எட்டு நிமிடங்களுக்கு மேல் ஒலிக்கும் இதில் மெட்டும் இல்லை, தாளக்கட்டும் இல்லை. ஒலிநாடாத் துண்டுகளை வெட்டியும் ஒட்டியும் திருப்பி ஓட்டியும் லெனனும் யோகோ ஓனோவும் ஹரிசனும் ஆக்கிய ஒலிக்கோவை அது. பாட்டை எதிர்பார்த்துப் பணங் கொடுத்தவனுக்கு அது ஏமாற்றந் தந்ததில் வியப்பில்லை. ஆயின் சோம்பலினால் நலிந்த ஆக்கமும், கேட்பவனின் பழக்கத்தை மீறியதால் நலிந்ததாகத் தோன்றும் ஆக்கமும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் இடுவது விமரிசனம் ஆகாது.

மூன்றாவது வகை ஒன்றுண்டு. 1965 டிசெம்பரில் வெளிவந்த 'றன் ஃபோர் யுவர் லைஃப்' என்னும் பாடலில், தன்னைவிட்டு வேறொருவனை நாடினால் உயிருக்கே கேடு என்று ஆணொருவன் பெண்ணை மிரட்டுகிறான். மெட்டு கவர்ச்சியானது, வாத்தியக் கட்டும் குறையற்றது. எனினும் இப்பாடலை இன்று பலர் பட்டியலின் அடியிலே வைக்கின்றனர். இதனை எழுதிய லெனனே பின்னர் இதனை வெறுப்பதாகக் கூறினார். பெண்ணை ஆணின் உடைமையாகக் கருதும் நோக்கு இசைத்தட்டுகளில் இயல்பாக ஒலித்த ஒரு காலத்தில் இப்பாடல் பிறந்தது. பாடல் மாறவில்லை, அதனைக் கேட்கும் சமுதாயத்தின் மனச்சாட்சி மாறியது.

ஒரு முறைப்பாட்டுப் பாடல்

நான்காவது வகைக்கு 'ஒன்லி எ நோதேர்ன் சோங்' என்னும் ஹரிசனின் பாடல் ஒன்றே போதும். 1967 பெப்ரவரியில் பதிவு செய்யப்பட்ட இது அவ்வாண்டின் புகழ்பெற்ற 'சார்ஜன்ற் பெப்பர்' தட்டிற்கு ஏற்றதன்று என விலக்கப்பட்டு, 1969 ஜனவரியில் 'யெலோ சப்மரீன்' தட்டிலேயே வெளிவந்தது. சுருதி இழைந்துவராத, சலிப்புத் தொனிக்கும் பாடல் என ரசிகர்கள் பலர் இதனைத் தள்ளிவிடுவதுண்டு.

ஆயின் இப்பாடல் எதைப் பற்றியது? 1963இல் இவர்களின் பாடல்களுக்கென 'நோதேர்ன் சோங்ஸ்' என்னும் கம்பனி நிறுவப்பட்டது. 1965 பெப்ரவரியில் அதன் பங்குகள் இலண்டன் பங்குச் சந்தைக்கு வந்தன. லெனனுக்கும் மக்கார்ட்னிக்கும் தலைக்கு நூற்றுக்குப் பதினைந்து பங்கு. ஹரிசனுக்கும் ஸ்ராருக்கும் இருவருக்குமாகச் சேர்த்து நூற்றுக்கு 1.6. கம்பனியை நடத்திய டிக் ஜேம்சும் அவருடைய கூட்டாளியுமோ சேர்ந்து நூற்றுக்கு 37.5 வைத்திருந்தனர். ஹரிசன் எழுதிய பாடலின் உரிமையும் அக்கம்பனிக்கே. தன் பாட்டு தனதாக இல்லாதபோது சுருதி சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன என்பதே அப்பாடலின் கசந்த நகை. உழைப்பின் பயனிலிருந்து அந்நியப்பட்டவன் தன் உழைப்பையே பொருட்படுத்தாதொழிகிறான் என்று அரசியற் பொருளாதார நூல்கள் விளக்குவதை ஓர் இருபத்து மூன்று வயது இளைஞன் சுருதி பிசகிய ஒரு பாட்டிலே காட்டிவிட்டான். அதன் நலிவே அதன் பொருள்.

அவனுடைய முறைப்பாட்டை வரலாறு மெய்ப்பித்தது. 1969இல் டிக் ஜேம்ஸ் தம் பங்குகளை ஏ.ரீ.வீ. என்னும் தொலைக்காட்சிக் கம்பனிக்கு விற்றார்; பாடல்களை இயற்றியவர்கள் அவற்றை மீட்க முயன்று தோற்றனர். 1985இல் பாடகர் மைக்கல் ஜக்சன் அப்பாடல்களை உள்ளடக்கிய ஏ.ரீ.வீ. இசைத் தொகுதியை 47.5 மில்லியன் டொலருக்கு வாங்கினார். 1995இல் அது சோனிக் கம்பனியோடு கூட்டுடைமை ஆயிற்று. 2016இல், ஜக்சன் இறந்து ஏழாண்டுகள் சென்றபின், அவரது வாரிசுகளின் பங்கைச் சோனி 750 மில்லியன் டொலருக்கு வாங்கியது.

நாடாக்கள் சொல்லுவன

இனி அரிய ஒலிப்பதிவுகளுக்கு வருவோம். இவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று 1958 ஜூலையில் லிவர்பூல் வீடொன்றில் இயங்கிய சிறு ஒலிப்பதிவு நிலையத்தில் உருவான ஒற்றைத் தட்டு. லெனன், மக்கார்ட்னி, ஹரிசன் ஆகியோரோடு வேறு இரு தோழர்களும் கைக்காசு சேர்த்துச் செய்வித்தது. பிரதி ஒன்றே, அதனை ஐவரும் முறைவைத்து வைத்திருந்தனர். அவ்வொற்றைத் தட்டு 1981இல் மக்கார்ட்னியினால் விலைக்கு வாங்கப்பட்டது. அதன் பாடல்களைப் பொதுமக்கள் கேட்டது 1995இல்.

1962 முதல் 1965 வரை பி.பி.சி. வானொலிக்காக இவர்கள் 88 பாடல்களை 275 முறை பாடினர். அவற்றுள் 36 பாடல்கள் குழு நிலைத்திருந்த காலத்தில் இசைத்தட்டாக வராதவை. வானொலி நிலையமோ அந்நாடாக்களிற் பெரும்பாலானவற்றைப் பேணவில்லை. பின்னர் அவற்றைத் தேடித் தொகுக்கையில், வீட்டு வானொலியருகே நாடாக் கருவியை வைத்துப் பதிவுசெய்திருந்த சாதாரண நேயர்களின் நாடாக்களும் துணையாயின. பெரும் நிறுவனம் அழியவிட்டதைப் பெயரறியா மனிதர்கள் காத்தனர் என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

அரிய நாடாக்களின் இன்னொரு பயன், கலை என்பது உழைப்பு என்பதை அவை காதுக்குக் காட்டுவதாகும். 'ஸ்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபோர் எவர்' என்னும் பாடல் மேதைமையின் ஒரு கணப் பொறியாகப் போற்றப்படுவது. 1966 நவம்பர் 24ஆந் திகதி தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் அதன்மீது வேலை நடந்தது. ஏழாம் முறை பதிவானதன் தொடக்கத்தையும் இருபத்தாறாம் முறை பதிவானதன் எஞ்சிய பகுதியையும் லெனன் இணைக்கக் கேட்டார். இரண்டும் வெவ்வேறு சுருதி, வெவ்வேறு காலம். மார்ட்டினும் ஒலிப்பொறியாளர்களும் நாடாக்களின் வேகத்தை மாற்றிச் சுருதி சேர்த்து ஒட்டினர். 1996இல் முந்திய முயற்சிகள் வெளிவந்தபோது பாட்டு படிப்படியாக உருவாவதை எவரும் கேட்க முடிந்தது. தெய்வ அருளால் ஊற்றெடுத்தது என்ற மாயை அகன்று, பலர் கூடிச் செய்த வேலை தெரிந்தது.

நலிந்த பாட்டும் அரிய நாடாவும் சந்திக்கும் இடம் ஒன்றும் உண்டு. 1964 ஆகஸ்டில், 'மிஸ்ரர் மூன்லைற்' பாடலை முதலில் முயன்ற அதே நாளில், 'லீவ் மை கிற்றன் அலோன்' என்ற பாடலையும் இவர்கள் பதிவு செய்தனர். முன்னது தட்டில் ஏறியது. பின்னது 1995 வரை வெளிவரவில்லை. எதை விட்டு எதை ஏற்றியிருக்க வேண்டும் என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுவர். ஆனால் அவ்விரு பாடல்களையும் முதலிற் பாடியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள் என்பது அவ்வாதத்தில் அரிதாகவே எழும். முன்னதை இயற்றியவர் றோய் லீ ஜோன்சன். பின்னதை 1959இல் பாடிய லிற்றில் வில்லி ஜோன், 1968இல் வொஷிங்ரன் மாநிலச் சிறையில் இறந்தார். ஒலிநாடாவிற்கு வந்த அரிய மதிப்பு அதன் ஊற்றாயிருந்த மனிதர்களுக்கு வரவில்லை.

சட்டமும் சந்தையும்

1969 முதல் கள்ளத்தட்டு வியாபாரிகள் இத்தகைய பதிவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். இவர்களை மக்கள் கலையின் காவலராக ஏற்றிப்போற்ற நாம் விரும்பவில்லை. கலைஞருக்குச் சல்லிக்காசும் கொடாது இலாபம் தேடிய சிறு வணிகர்களே இவர்களிற் பலர். 2003இல் நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் நடந்த பொலிஸ் சோதனைகளில், 1969 ஜனவரிப் பதிவுகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஐந்நூறு நாடாக்கள் மீட்கப்பட்டன.

சட்டபூர்வமான வணிகத்தின் நெஞ்சமும் அதனினும் அகன்றதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவு உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியது. ஆயின் ஐம்பது ஆண்டுக்குள் வெளியிடப்படாத பதிவுக்கு அந்நீட்சி கிடையாது. ஐம்பது ஆண்டு பெட்டகத்தில் உறங்கிய 59 பதிவுகள் 2013 டிசெம்பரில், கெடு முடியச் சில நாட்களே இருக்கையில், இணைய விற்பனையில் திடீரென வெளிவந்தன. அவற்றை வெளிக்கொணர்ந்த வேகத்தில் ரசிகர்மீது கொண்ட பரிவைவிட உரிமை இழக்கும் அச்சமே மிகுதி. 1967இல் ஒரு கலைவிழாவுக்கெனப் பதிவான, ஏறத்தாழ பதினான்கு நிமிடம் ஒலிக்கும் 'கார்னிவல் ஒஃப் லைற்' இந்த அலையிலும் வெளிவரவில்லை.

2023 நவம்பரில், லெனன் எழுபதுகளின் பிற்பகுதியில் வீட்டிற் பதிந்த நாடாவிலிருந்து அவர் குரலைக் கணினி பிரித்தெடுக்க, 'நவ் அன்ட் தென்' என்னும் பாடல் வெளிவந்தது. ரசிகர்கள் உடனே அதனையும் தரவரிசையில் நிறுத்தத் தொடங்கினர். நிறுத்தட்டும். சுவையைப் பற்றி வாதிட மனிதனுக்கு உரிமையுண்டு. அவ்வாதமே அவனை வெறும் நுகர்வோனாக இராது தடுக்கிறது. ஆயின் மாணவரும் ஆசிரியரும் எந்தக் கலையை ஆராயும்போதும் தரவரிசைக்கு அப்பால் மூன்று வினாக்களைத் தொடுக்கப் பழகவேண்டும்: இதனை ஆக்க எத்தனை கைகள் உழைத்தன? எவ்வளவு காலம் அவற்றுக்குக் கொடுக்கப்பட்டது? ஆக்கப்பட்டது யாருடைய பெட்டகத்தில் கிடந்தது? இவற்றுக்கு விடை தேடுவோன் ஒரு நலிந்த பாட்டிலிருந்தும் ஒரு யுகத்தைக் கற்றுக்கொள்வான்.