மோசடிப் பணம்: முடக்குதலும் மீட்டளித்தலும்

மோசடிப் புகார் வந்தவுடன் சந்தேகத்துக்குரிய வங்கிக் கணக்கில் பணம் எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பது கணக்கு முடக்கம் எனப்படும். பணத்தை இழந்தவருக்கு அதைத் திரும்ப வழங்குவது மீட்டளித்தல் ஆகும். செய்தித்தாளில் 'கோடிக்கணக்கில் முடக்கம்' என்று படிக்கும்போது, பணம் உரியவர் கைக்கு வந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் இவை இரண்டும் வேறு வேறு. இந்தியாவில் முடக்கும் அதிகாரம் விரைவாக வளர்ந்தது. மீட்டளிக்கும் வழி மெதுவாகவே உருவாகி வருகிறது. அந்த வளர்ச்சியை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

அர்பத்நாட் வீழ்ச்சி (1906)

1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் நிறுவனம் கதவடைத்தது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், குற்றவாளி சிறை சென்றதால் வைப்பாளர்களின் பணம் திரும்பிவிடவில்லை. திவால் சட்டத்தின் வழியாக, எஞ்சிய சொத்திலிருந்து கிடைத்ததைத்தான் பங்கிட முடிந்தது. இந்தக் கசப்பான அனுபவமே 1907இல் இந்தியன் வங்கி தோன்றக் காரணமாயிற்று. தண்டனை வேறு, இழப்பீடு வேறு என்பதை இந்நிகழ்வு அன்றே காட்டிவிட்டது.

1997ஆம் ஆண்டுச் சட்டம்

1990களில் தமிழ்நாட்டில் ஏராளமான நிதி நிறுவனங்கள் முளைத்தன. வங்கிகளைவிட மிக அதிக வட்டி தருவதாக அவை விளம்பரம் செய்தன. ஓய்வுபெற்றோர் தங்கள் பணிக்கொடையையும் சேமநல நிதியையும் அவற்றில் போட்டனர். பல நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. பழைய மோசடிச் சட்டத்தின்படி வழக்குத் தொடுக்கலாம். ஆனால், தீர்ப்பு வருவதற்குள் சொத்துகள் கைமாறிவிடும்.

இக்குறையைப் போக்கவே 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இது 'டான்பிட்' சட்டம் என வழங்கப்படுகிறது. இதன் நடைமுறை பின்வருமாறு:

1. நிறுவனம் வைப்புத்தொகையைத் திருப்பித் தரத் தவறினால், அதன் பணத்தையும் சொத்துகளையும் அரசு இடைக்காலமாகப் பற்றுகை (ஜப்தி) செய்யலாம்.
2. அச்சொத்துகள் தகுதிபெற்ற அலுவலரின் பொறுப்புக்கு வரும்.
3. சிறப்பு நீதிமன்றம் இரு தரப்பையும் விசாரித்துப் பற்றுகையை உறுதி செய்யும் அல்லது நீக்கும்.
4. சொத்துகளை விற்றுக் கிடைக்கும் பணம் முதலீட்டாளர்களுக்குப் பங்கிடப்படும்.

பங்கீட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு நிறுவனம் தர வேண்டியது 10 கோடி ரூபாய்; ஏலத்தில் கிடைத்தது 3 கோடி ரூபாய் எனக் கொள்வோம். சம விகிதத்தில் பங்கிட்டால், 1 லட்சம் போட்டவருக்கு 30,000 ரூபாய் கிடைக்கும். முந்தியவருக்கு முழுத்தொகை, பிந்தியவருக்கு வெறுங்கை என்ற அநீதி இதனால் தவிர்க்கப்படுகிறது. ஆயினும் மீதி 70,000 ரூபாய் போனது போனதுதான்.

இதே போன்ற மகாராஷ்டிரச் சட்டத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2005இல் செல்லாது என்றது. தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் ஏற்றது. உச்ச நீதிமன்றமும் 2011இல் அதை உறுதி செய்தது.

முடக்கிய சொத்து அப்படியே மதிப்புக் குறையாமல் இருப்பதில்லை. 2012இல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் சரிந்தபோது, கைவிடப்பட்ட பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டியதாயிற்று. காலதாமதம் முதலீட்டாளரின் பங்கையே குறைக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வங்கிக் கணக்கும் 'சொத்து' (1999)

குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு, குற்றத்தோடு தொடர்புடைய சொத்தைக் கைப்பற்றக் காவல்துறைக்கு அதிகாரம் அளித்தது. வங்கிக் கணக்கு அத்தகைய சொத்தா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. மகாராஷ்டிர அரசுக்கும் தாபஸ் நியோகிக்கும் இடையிலான வழக்கில், அதுவும் சொத்தே என 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று நாடெங்கும் நடைபெறும் கணக்கு முடக்கத்துக்கு இத்தீர்ப்பு ஓர் அடித்தளம் ஆகும்.

இணைய மோசடிக் காலம்

கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றம் பெருகியபின் சிக்கலின் தன்மையே மாறியது. நிலத்தை விற்க நாளாகும். பணம் ஐந்தாறு கணக்குகளைத் தாண்டிச் செல்லச் சில நிமிடங்கள் போதும். எனவே 2021இல் மத்திய உள்துறை அமைச்சகம் வங்கிகளையும் காவல்துறையையும் இணைக்கும் உதவி எண் ஒன்றை அமைத்தது. முதலில் 155260 என்றிருந்த அந்த எண் இப்போது 1930 ஆகும். உடனே புகார் செய்தால், பணம் சென்று சேர்ந்த கணக்கில் எஞ்சியுள்ள தொகையை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

இதன் மறுபக்கமும் உண்டு. மோசடிப் பணம் எனத் தெரியாமல் பொருளை விற்று விலையைப் பெற்ற கடைக்காரரின் கணக்கும் முடங்கிவிடுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்காக அவருடைய மொத்த வணிகமும் நின்றுபோகிறது. இவ்வகை வழக்குகளில் கேரள உயர் நீதிமன்றம் 2023இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024இலும், ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்ற வழியைக் காட்டின.

இழப்பை யார் ஏற்பது?

வங்கியோ வாடிக்கையாளரோ தவறு செய்யாமல் மூன்றாம் நபரால் பணம் பறிபோனால், 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்த வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று அறிவித்தது. ஆனால், ஏமாந்து தாமே ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். பிரிட்டன் இதில் வேறு வழியில் சென்றது. ஏமாந்து தாமே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை ஈடு வழங்க வேண்டும் என்ற விதி அங்கு 2024 அக்டோபர் 7 முதல் நடைமுறையில் உள்ளது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதைச் சரிபாதியாக ஏற்கின்றன.

இந்தியாவில் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107ஆம் பிரிவு, குற்றத்தால் ஈட்டிய சொத்தைப் பாதிக்கப்பட்டோருக்குப் பங்கிட வழி செய்கிறது. நீதிமன்றம் ஆணையிட்டால், மாவட்ட ஆட்சியர் 60 நாள்களுக்குள் விகிதப்படி பங்கிட வேண்டும். பங்கீட்டுக்குக் கால வரம்பு வைத்திருப்பது குறிப்பிடத்தக்க முன்னேற்றமே. எனினும் அர்பத்நாட் காலம் முதல் இன்றுவரை ஓர் உண்மை மாறவில்லை: முடக்கியபோது எவ்வளவு எஞ்சியிருந்ததோ, அதைத்தான் பங்கிட முடியும். எஞ்சாத பணத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டம் இன்னும் முழு விடை தரவில்லை. ஆகவே ஏமாந்ததை எண்ணி வெட்கப்பட்டு ஒரு நாளைக் கடத்துவதைவிட, அந்த நிமிடமே 1930ஐ அழைப்பதே இழந்தவர் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடிய பெரிய உதவியாகும்.